இங்கிலாந்தில் வாடகை அறை எடுப்பது எப்படி: மட்டக்களப்பிலிருந்து படிக்கப் போகிறவர்களுக்கு முழு வழிகாட்டி

விசா கைக்கு வந்த அன்றே வீட்டில் எழும்புகிற கேள்வி, "பிள்ளை அங்க போய் எங்க நிக்கப் போகுது?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு அவசரப்பட்டுப் பதில் தேடி, காசை இழந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

லெஸ்டரில் படித்த காலத்தில் நான் மூன்று அறை மாறினேன். கல்லடிக்குத் திரும்பிய பிறகு, செப்டம்பர் வகுப்புக்கும் ஜனவரி வகுப்புக்கும் போகிற பிள்ளைகளோடு உட்கார்ந்து அறை தேடிக் கொடுக்கிறேன். அவர்கள் விடுகிற பிழைகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தில்தான் தொடங்குகின்றன. அறையைக் கண்ணால் பார்க்க முதலே காசு போய்விடுகிறது. அதனால் கீழே உள்ள படிகளை எழுதியிருக்கிற வரிசையிலேயே செய்யுங்கள்.

இங்கே சொல்வது எல்லாம் இங்கிலாந்துக்கு. ஸ்கொட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து மூன்றிலும் வாடகைச் சட்டம் வேறு.

1. படிக்கப் போகும் வளாகம் எங்கே என்று பாருங்கள்

பல்கலைக்கழகத்தின் பெயரில் உள்ள ஊரில்தான் வகுப்பு நடக்கும் என்று நினைத்துவிடாதீர்கள். கவன்ட்ரி பல்கலைக்கழகம் கிழக்கு லண்டனில் டாகன்ஹாமிலும் வகுப்பு நடத்துகிறது. சன்டர்லன்ட் பல்கலைக்கழகத்துக்கு லண்டன் கெனரி வோர்ஃப் பக்கத்தில் ஒரு வளாகம் உண்டு. பெயரைப் பார்த்து அறை எடுத்தால் வகுப்பு நூறு மைலுக்கு அப்பால் இருக்கும்.

விசாவுக்காகப் பல்கலைக்கழகம் தருகிற காஸ் (CAS) கடிதத்தில் நீங்கள் படிக்கும் இடத்தின் முகவரி இருக்கும். அதிலுள்ள போஸ்ட்கோடை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். இனித் தேடுகிற ஒவ்வொரு அறையையும் கூகுள் மப்பில் அந்த போஸ்ட்கோடோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். நேரத்தைத் திங்கட்கிழமை காலை 9 மணிக்கு வகுப்பில் இருக்கிற மாதிரி வைத்து, பஸ்ஸில் எவ்வளவு நேரம் என்று பாருங்கள். ஞாயிறு இரவு பார்த்தால் காட்டுகிற நேரம் வேறு.

அடுத்த பிழை இதற்கு நேர் எதிரானது. "ஈஸ்ட்ஹாமில மாமா இருக்கிறார், அங்க நிக்கலாம்" என்று முடிவெடுத்துவிடுகிறார்கள், வளாகமோ பேர்மிங்ஹாமில். கல்முனையில் நின்றுகொண்டு தினமும் பொலன்னறுவைக்குப் படிக்கப் போவதைவிடத் தூரம் அது. ரயில் செலவு ஒரு பக்கம். வகுப்புக்கு ஒழுங்காக வராத வெளிநாட்டு மாணவர்களைப் பல்கலைக்கழகம் உள்துறை அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டும், அதில் விசாவே போகலாம். தூரம் உங்கள் விசாவோடு சம்பந்தப்பட்ட விஷயம் என்பதை மாமாவுக்கும் சொல்லிவிடுங்கள்.

2. காசுக் கணக்கை மாதத்துக்குப் போடுங்கள்

விளம்பரங்களில் சில வாடகை கிழமைக்கு இருக்கும், சில மாதத்துக்கு இருக்கும். "பி.டபிள்யூ" என்றால் கிழமைக்கு, "பி.சி.எம்." என்றால் மாதத்துக்கு. கிழமைக்கு 140 பவுண்ஸ் என்றதும் எல்லோரும் நாலால் பெருக்கி 560 என்கிறார்கள். வருடத்தில் 52 கிழமை. 140ஐ 52ஆல் பெருக்கி 12ஆல் பிரித்தால் மாதத்துக்கு ஏறக்குறைய 607. நாலால் பெருக்கிக் கணக்குப் போட்டவருக்கு ஒவ்வொரு மாதமும் 47 பவுண்ஸ் துண்டு விழும்.

இனி முதல் நாள் காசு. மாதம் 520 பவுண்ஸ் அறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிழமைக்கு 120. இங்கிலாந்தில் டிபோசிட்டாக ஐந்து கிழமை வாடகைக்கு மேல் வாங்க முடியாது, அது 600. முதல் மாத வாடகை 520. ஆக 1,120 பவுண்ஸ் திறப்பு வாங்குகிற அன்று தேவை. அறையைப் பிடித்து வைக்க ஒரு கிழமை வாடகை, அதாவது 120, முன்னரே கேட்கலாம். அது பிறகு இந்தத் தொகையில் கழிபடும்.

விசாவுக்காக வங்கியில் 28 நாள் காட்டுகிற காசைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். 2025 நவம்பர் 11 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது லண்டனில் மாதம் 1,529 பவுண்ஸ், லண்டனுக்கு வெளியே 1,171 பவுண்ஸ் என்று 9 மாதத்துக்குக் கணக்கிடப்படுகிறது. எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இந்தக் காசு கைமாற்றாக வாங்கி, விசா வந்ததும் திருப்பிக் கொடுக்கப்படுகிறது. பிள்ளை ஹீத்ரோவில் இறங்கும்போது கையில் 300 பவுண்ஸ் இருக்கும். அந்த நிலையில் போகிறவருக்கு எந்த வழிகாட்டியும் உதவாது. 1,120ம், அதற்கு மேல் இரண்டு கிழமைத் தங்கலுக்கும் ஒரு மாதச் சாப்பாட்டுக்கும் உள்ள காசும் உண்மையாகவே உங்களுடையதாக இருக்க வேண்டும். அது இல்லையென்றால் அடுத்த வகுப்புக்குப் போங்கள், நான்கு மாதம் பிந்தினாலும் பரவாயில்லை.

"போனதும் வேலை செய்து வாடகை கட்டுவேன்" என்று கணக்குப் போடாதீர்கள். பட்டப்படிப்பு மாணவருக்கு வகுப்புக் காலத்தில் கிழமைக்கு 20 மணித்தியாலம்தான் அனுமதி. வேலை கிடைக்க ஒரு மாதமும் ஆகலாம், மூன்று மாதமும் ஆகலாம்.

3. எந்த வகை அறை என்று முடிவெடுங்கள்

நான்கு வகை உண்டு. எதை எடுக்கிறீர்களோ அதைப் பொறுத்துத்தான் சட்டம் உங்களை எவ்வளவு காக்கும் என்பது இருக்கிறது.

பல்கலைக்கழக விடுதி: விலை கூட, ஆனால் ஊரிலிருந்தபடியே காசு கட்டக்கூடிய ஒரே வகை என்று இதைத்தான் சொல்வேன். காசு பல்கலைக்கழகத்தின் சொந்தத் தளத்தில் கட்டப்படுகிறது, பிணையாளர் பெரும்பாலும் கேட்கமாட்டார்கள். முதல் முறை வீட்டை விட்டு வெளிக்கிடுகிற பிள்ளைக்கு, தனியாகப் போகிற பெண்பிள்ளைக்கு, முதல் வருடம் இதுவே நல்லது. அனுமதிக் கடிதம் வந்த கிழமையே விண்ணப்பியுங்கள். ஓகஸ்ட்டில் கேட்டால் மலிவான அறைகள் முடிந்திருக்கும்.

தனியார் மாணவர் விடுதி: அறையோடு குளியலறை, கரண்ட், தண்ணீர், இணையம் எல்லாம் சேர்ந்திருக்கும். எத்தனை கிழமைக்கு ஒப்பந்தம் என்று பாருங்கள். 140 பவுண்ஸ் அறையை 44 கிழமைக்கு எடுத்தால் 6,160, 51 கிழமைக்கு எடுத்தால் 7,140. இடையில் விட்டுப் போக விடமாட்டார்கள்.

பகிர்ந்த வீட்டில் ஓர் அறை: குசினியும் குளியலறையும் பொது. எங்கள் பிள்ளைகளில் அதிகமானோர் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான். வெவ்வேறு குடும்பத்தைச் சேர்ந்த ஐந்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் வீட்டுக்கு எச்.எம்.ஓ. எனப்படும், பலர் பகிர்ந்து இருக்கும் வீட்டுக்கான உரிமம் கட்டாயம். எந்த வீட்டுக்கு உரிமம் இருக்கிறது என்ற பட்டியலை உள்ளூர் கவுன்சில், அதாவது எங்கள் மாநகரசபை மாதிரியான அமைப்பு, வைத்திருக்கும், யாரும் பார்க்கலாம்.

குடும்பத்தோடு லொட்ஜராக இருப்பது: தமிழ்க் குடும்பம் ஒன்று தாங்கள் இருக்கிற வீட்டில் ஓர் அறையை விடும். சோறு, பாசை, கோயில், பள்ளிவாசல் எல்லாம் கிட்ட. மனத்துக்கு ஆறுதல்தான். ஆனால் வீட்டுக்காரர் அதே வீட்டில் இருந்தால் டிபோசிட் பாதுகாப்புச் சட்டம் உங்களுக்கு இல்லை, குறுகிய அறிவித்தலோடு எழும்பச் சொல்லலாம். வந்தாறுமூலையில் போர்டிங் எடுக்கும்போது அன்ரியின் வாய்ச்சொல் போதும், ஏனென்றால் அவரை அறிந்த பத்துப் பேர் ஊரில் இருப்பார்கள். அங்கே அந்தப் பத்துப் பேர் இல்லை. இந்த வகை அறை எடுத்தால் வாடகை, டிபோசிட், எழும்ப எத்தனை கிழமை அவகாசம் ஆகிய மூன்றையும் வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

4. ஆவணங்களை ஒரு கோவையில் சேருங்கள்

நல்ல அறை ஒரு நாளில் போய்விடும். கேட்ட உடனே அனுப்பக்கூடியவருக்குத்தான் கிடைக்கும். இவற்றை ஊரிலேயே ஸ்கேன் செய்து போனிலும் மின்னஞ்சலிலும் வையுங்கள்: கடவுச்சீட்டு, காஸ் அல்லது அனுமதிக் கடிதம், வங்கி அறிக்கை, செலவைப் பொறுப்பேற்பவரின் கடிதம், முந்தைய போர்டிங் வீட்டுக்காரரின் ஒரு பக்கக் கடிதம் ஆங்கிலத்தில். கடைசியில் சொன்னதை யாரும் கொண்டுபோவதில்லை. வாடகை ஒழுங்காகக் கட்டினார் என்று கையெழுத்தோடு ஒரு கடிதம் இருந்தால் அங்கே மதிப்பார்கள்.

இங்கிலாந்தில் வீட்டுக்காரர் உங்களுக்கு வாடகைக்கு இருக்க உரிமை உண்டா என்று பார்த்தாக வேண்டும். அதற்கு ஷெயார் கோட் ஒன்று, அதாவது உங்கள் விசா நிலையை அவர் இணையத்தில் பார்க்க உதவும் குறியீடு, கேட்பார். விசா இப்போது இணையத்தில் இருக்கிற ஈ-விசா என்பதால், அரசாங்கத் தளத்தில் உங்கள் கணக்குக்குள் போய் அதை எடுக்க வேண்டும். வாடகைக்கான கோட் "ஆர்" எழுத்தில் தொடங்கும். வேலைக்கானது "டபிள்யூ" எழுத்தில் தொடங்கும், அது இங்கே செல்லாது. கோட் 90 நாள் செல்லும், முடிந்தால் புதிதாக எடுக்கலாம். கட்டுநாயக்காவில் விமானம் ஏற முதலே அந்தக் கணக்குக்குள் ஒரு முறை போய், பெயரும் கடவுச்சீட்டு இலக்கமும் சரியா என்று பாருங்கள். கணக்கைத் திறந்தது ஏஜென்சிக்காரரின் மின்னஞ்சலிலோ போன் இலக்கத்திலோ என்றால் உடனே உங்களுடையதுக்கு மாற்றுங்கள். அங்கே போய் நின்றுகொண்டு, அலுவலகம் பூட்டிவிட்ட ஏஜென்சிக்காரரை ஓடிபி கேட்டு எழுப்பிய பிள்ளைகள் இருக்கிறார்கள்.

5. முதல் இரண்டு கிழமைக்குத் தற்காலிக இடம் எடுங்கள்

விடுதி எடுக்காதவர்களுக்கு இந்தப் படிதான் எல்லாவற்றையும் தாங்குகிறது. நிரந்தர அறையை ஊரிலிருந்து தேடி முடிக்கப் பார்க்காதீர்கள். 14 நாளைக்கு ஓர் இடம், அதன் பிறகு நேரில் தேடல்.

சொந்தக்காரர் வீடோ ஊர்க்காரர் வீடோ என்றால் நாள் கணக்கைச் சொல்லியே கேளுங்கள். "மாமி, பதினாலு நாள் நிக்கிறன், அதுக்குள்ள அறை பார்த்திருவன்" என்றால் யாரும் மறுக்கமாட்டார்கள். கணக்குச் சொல்லாமல் போய் இரண்டு மாதம் நின்றால் உறவு கசக்கும். யாரும் இல்லையென்றால் ஹொஸ்டலில் கட்டிலோ, பெரிய முன்பதிவுத் தளங்களில் அறையோ எடுக்கலாம். காசை அந்தத் தளத்துக்குள்ளேயே கட்டுங்கள். "வெளியில கட்டினால் குறைச்சுத் தாறன்" என்பவரை அந்த இடத்தோடு விடுங்கள்.

பதினாலு நாள் ஏன்? முதல் மூன்று நாள் வங்கி, சிம், பல்கலைக்கழகப் பதிவு என்று போய்விடும். நான்காம் நாளிலிருந்து நாளுக்கு இரண்டு அறை பார்த்தால்கூட இருபது அறை அளவில் பார்க்கலாம். அதற்குள் நல்லதொன்று தட்டுப்படும்.

6. தேடுங்கள், ஒழுங்காக எழுதுங்கள்

பகிர்ந்த வீட்டு அறைகளுக்கு ஸ்பெயார்ரூம், முழு வீட்டுக்கு ரைட்மூவ், சூப்லா, ஓப்பன்ரென்ட் என்ற இணையத்தளங்கள். பல்கலைக்கழகத்தின் தங்குமிட அலுவலகமும் தாங்கள் பார்த்துப் பதிந்த வீடுகளின் பட்டியல் வைத்திருக்கும், முதலில் அதைக் கேளுங்கள். பேஸ்புக் குழுக்களிலும் வட்ஸ்அப் குழுக்களிலும் நல்ல அறையும் வரும், கள்ளனும் வருவான்.

மாணவர் நகரங்களில் செப்டம்பருக்கான வீடுகள் பல மாதம் முன்னரே போகத் தொடங்கும். செப்டம்பரில் புதிதாகப் போகிறவருக்கு மிச்சம்தான் இருக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். ஜனவரியில் போகிறவருக்கு, இடையில் படிப்பை விட்டவர்களின் அறைகள் அகப்படும்.

"இஸ் ரூம் அவேலபிள்?" என்று மூன்று சொல்லில் எழுதினால் பதில் வராது. வீட்டுக்காரருக்கு ஒரு நாளைக்கு அப்படி நாற்பது வரும். எழுத வேண்டியது இவ்வளவு: பெயர், எந்தப் பல்கலைக்கழகத்தில் என்ன படிப்பு, எப்போதிலிருந்து எவ்வளவு காலம், வாடகை எப்படிக் கட்டுவீர்கள், புகைப்பதில்லை, எந்த நாள் எத்தனை மணிக்கு வந்து பார்க்க முடியும். ஐந்து வரி. நான் உட்கார்ந்து எழுதிக் கொடுத்த பிள்ளைகளுக்குப் பதில் வந்தது இதனால்தான்.

ஊரிலிருந்து போனில் கதைப்பதானால் நேரத்தைக் கணக்கில் எடுங்கள். அங்கே மாலை 5 மணி என்றால் செப்டம்பரில் இங்கே இரவு 9.30. ஒக்டோபர் கடைசியில் அங்கே மணிக்கூட்டைப் பின்னுக்கு வைத்த பிறகு இரவு 10.30.

7. விளம்பரம் உண்மையா என்று சோதியுங்கள்

களுவாஞ்சிகுடிப் பக்கத்துப் பிள்ளை ஒருத்தி. அப்பா காப்பு இரண்டை வங்கியில் அடகு வைத்து, 1,050 பவுண்ஸ் அனுப்பினார். வீட்டுக்காரர் என்று கதைத்தவர் தான் வேலையாக வேறு நாட்டில் நிற்பதாகவும், காசு வந்ததும் திறப்பைக் கூரியரில் அனுப்புவதாகவும் சொன்னார். படங்கள் அழகு. முகவரியும் உண்மை. பிள்ளை இரண்டு பெட்டியோடு மழைத் தூற்றலில் போய்க் கதவைத் தட்டினாள். திறந்தது ஒரு வயதான வெள்ளைக்கார அம்மா. தன் வீட்டை வாடகைக்கு விடவே இல்லை என்றார். கண் கலங்கி நின்ற பிள்ளையை உள்ளே கூப்பிட்டுத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, இந்த மாதத்தில் இப்படி வந்து தட்டியது நீ மூன்றாவது ஆள் என்று சொன்னார். பழைய விற்பனை விளம்பரம் ஒன்றிலிருந்து எடுத்த படங்கள் அவை. காசு திரும்பவில்லை.

அந்தக் கதையில் இருந்த எல்லா அடையாளமும் மற்றக் கதைகளிலும் இருக்கும். பக்கத்து அறைகளைவிட வாடகை மிகக் குறைவு. வீட்டுக்காரர் எப்போதும் வெளிநாட்டில். "வேறு ரெண்டு பேர் கேட்டிருக்கினம், இண்டைக்கே கட்டுங்கோ" என்ற அவசரம். பார்க்க முதல் காசு.

சோதனை செய்ய நான்கு வழி. படங்களைக் கூகுள் லென்ஸில் போடுங்கள், வேறு ஊர் விளம்பரத்தில் வருகிறதா என்று தெரியும். நேரலை வீடியோவில் தெருவில் வீட்டு இலக்கத்திலிருந்து தொடங்கி, கதவைத் திறந்து, அறை யன்னல் வரை நடந்து காட்டச் சொல்லுங்கள். முன்னரே எடுத்த வீடியோ கணக்கில் இல்லை. நிலப் பதிவகத்தின் அரசாங்கத் தளத்தில் 7 பவுண்ஸ் கட்டி வீட்டு உரிமையாளரின் பெயரை எடுக்கலாம், ஏஜென்ட் இல்லாமல் நேரே கதைப்பவர் என்றால் அந்தப் பெயர் பொருந்த வேண்டும். ஏஜென்ட் என்றால் எந்தக் குறைதீர்ப்பு அமைப்பில் பதிவு என்று கேட்டு, அந்த அமைப்பின் தளத்தில் போய்ப் பாருங்கள். பதிவு சட்டப்படி கட்டாயம்.

எங்கள் பெயர், எங்கள் பாசை என்பது ஒரு சோதனையும் ஆகாது. தமிழில் கதைத்து ஏமாற்றியவர்களும் இருக்கிறார்கள்.

8. நேரில் போய்ப் பாருங்கள்

நீங்கள் போக முடியாவிட்டால் அங்கே படிக்கிற ஊர்ப்பிள்ளை ஒருவரை அனுப்புங்கள். பகல் வெளிச்சத்தில் போக வேண்டும்.

முதலில் சுடுதண்ணிக் குழாயைத் திறந்துவிட்டு, கதைத்துக்கொண்டே நில்லுங்கள். இரண்டு மூன்று நிமிடத்தில் சூடாகாவிட்டால் போய்லரில் கோளாறு. பிறகு ரேடியேட்டரை, அதாவது அறையைச் சூடாக்கும் சுவர்க் கருவியை, போடச் சொல்லி, கையை வைத்துப் பாருங்கள். செப்டம்பரில் இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை, வெயில் அடித்துக்கொண்டிருக்கும். நவம்பரில் மாலை நாலரைக்கே இருட்டி, விரல் விறைக்கிறபோது கேட்டுப் பயனில்லை.

அலுமாரியைச் சுவரிலிருந்து நகர்த்திப் பாருங்கள். என் இரண்டாவது அறையில் நான் அதைச் செய்யவில்லை. வெள்ளைப் பெயின்ட் புதிதாக அடித்து, பளிச்சென்று இருந்தது. டிசம்பரில் சட்டைகளில் ஒரு புழுங்கல் நாற்றம். அலுமாரியை இழுத்தால், பின்சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கறுப்புப் பூஞ்சணம், தொட்டால் விரலில் மை மாதிரி ஒட்டியது. ஜனவரி முழுக்க இருமினேன். புதுப் பெயின்ட் மணக்கிற அறையில் இன்னும் கவனமாகப் பாருங்கள், யன்னல் ஓரத்தையும் கூரை மூலையையும் சேர்த்து.

ஒவ்வொரு மாடியிலும் புகை அலாரம், காஸ் போய்லர் இருக்கிற இடத்தில் காபன் மொனொக்சைட் அலாரம் இருக்க வேண்டும். உரிமம் பெற்ற பகிர்ந்த வீட்டில் ஒருவர் படுக்கும் அறை 6.51 சதுர மீற்றருக்குக் குறையக் கூடாது, இருவருக்கு 10.22. நாலு பேர் ஓர் அறையில் பாய் போட்டுப் படுத்தால் வாடகை மலிவுதான். கவுன்சில் சோதனைக்கு வந்தால் இடத்தை இழக்கப் போவது நீங்கள்.

வீட்டில் இருக்கிறவர்களோடு வீட்டுக்காரர் இல்லாத நேரத்தில் ஐந்து நிமிடம் கதையுங்கள். குளிருக்கு ஹீட்டர் எத்தனை மணித்தியாலம் ஓடும், உடைந்தால் எத்தனை நாளில் திருத்துவார், முன்பு இருந்தவர் ஏன் போனார். இந்த மூன்று கேள்விக்குக் கிடைக்கிற பதில் எந்த விளம்பரத்திலும் இராது. ஹலால் சமையல், பெண்கள் மட்டும் உள்ள வீடு, கருவாடு பொரிக்கலாமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள். சாப்பாட்டால் வருகிற மனக்கசப்பு ஒரு வருடம் இழுக்கும்.

அறை பிடித்தாலும் அந்த இடத்தில் சரி என்று சொல்லாமல், இரவில் ஒரு தடவை பஸ் தரிப்பிடத்திலிருந்து வீடு வரை நடந்து பாருங்கள்.

9. பிணையாளர் கேட்டால்

இங்கிலாந்தில் வீடோ நிலையான வருமானமோ உள்ள ஒருவரைப் பிணை கேட்பார்கள். முதலில் பல்கலைக்கழகத்தில் கேளுங்கள், சில பல்கலைக்கழகங்கள் தாமே பிணை நிற்கின்றன. காசு வாங்கிக்கொண்டு பிணை நிற்கும் நிறுவனங்களும் உண்டு, அந்தக் காசு திரும்பாது.

மாமாவிடம் கையெழுத்துக் கேட்க முதல் ஒப்பந்தம் எந்த வகை என்று பாருங்கள். நாலு பேர் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டால், ஒருவர் கட்டாமல் ஓடினாலும் மற்ற மூவரும் முழு வாடகைக்கும் பொறுப்பு. பிணைப் பத்திரத்தில் தொகைக்கு எல்லை போடாவிட்டால், முன்பின் தெரியாத அந்த ஆளின் கடனும் மாமாவின் தலையில். "என் பங்கு வாடகைக்கு மட்டும்" என்று பத்திரத்தில் எழுதச் சொல்லுங்கள். அறைக்குத் தனி ஒப்பந்தம் என்றால் இந்தப் பயம் இல்லை.

10. ஒப்பந்தத்தை வாசியுங்கள்

2025ஆம் ஆண்டின் வாடகையாளர் உரிமைச் சட்டம் 2026 மே 1 முதல் நடைமுறை. தனியார் வாடகை வீட்டில் இனி "ஒரு வருடத்துக்குக் கட்டாயம்" என்ற ஒப்பந்தம் இல்லை. மாதம் மாதமாக ஓடும், நீங்கள் இரண்டு மாத அறிவித்தல் கொடுத்து எழும்பலாம். ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்க முடியாது. கையெழுத்துக்கு முன்னம் வாடகைக் காசு வாங்கவும் முடியாது. விளம்பரத்தில் போட்டதைவிடக் கூட்டிக் கொடுப்பவருக்கே அறை என்பதும் தடை. "வெளிநாட்டு மாணவர் என்றால் ஆறு மாத வாடகை முன்பணம்" என்ற பழைய வழக்கத்தை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதற்காக ஊரில் கடன் வாங்காதீர்கள்.

பல்கலைக்கழக விடுதியும், அங்கீகரிக்கப்பட்ட விதிக்கோவையில் சேர்ந்த தனியார் விடுதிகளும் இதற்குள் வராது. அங்கே 44 கிழமை என்றால் 44 கிழமைதான். முழுக்க மாணவர்கள் இருக்கும் பகிர்ந்த வீட்டை, முன்கூட்டியே எழுத்தில் அறிவித்திருந்தால், கோடையில் அடுத்த மாணவர்களுக்காக வீட்டுக்காரர் திரும்பக் கேட்கலாம்.

2019ஆம் ஆண்டிலிருந்து வாடகையாளரிடம் பேப்பர் காசு, அறை காட்டும் காசு, ஒப்பந்தக் காசு எதுவும் வாங்கக் கூடாது. கேட்டால் அது எந்தச் சட்டத்தின்படி என்று மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் அதோடு நின்றுவிடும்.

கரண்ட், காஸ், தண்ணீர், இணையம் வாடகைக்குள் அடக்கமா என்று பாருங்கள். அடக்கம் என்றாலும் "இவ்வளவு பவுண்ஸ் வரை" என்று ஓர் எல்லை சிறிய எழுத்தில் இருக்கலாம்.

11. காசைக் கட்டுங்கள்

இப்போதுதான் காசு. பார்த்தாயிற்று, வாசித்தாயிற்று, கையெழுத்தாயிற்று.

கையெழுத்துக்கு முதல், பிடித்து வைக்கும் ஒரு கிழமைக் காசு கொடுத்தால், நீங்கள் மனம் மாறினாலோ பொய்த் தகவல் கொடுத்தாலோ அது போய்விடும். வீட்டுக்காரர் மாறினால் திருப்பித் தர வேண்டும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு அறைக்குக் கொடுக்காதீர்கள்.

வங்கிக் கணக்குக்கே அனுப்புங்கள், குறிப்பில் வீட்டு முகவரியைப் போடுங்கள். இங்கிலாந்து வங்கிச் செயலியில் பெயரும் கணக்கும் பொருந்துகின்றனவா என்று அனுப்ப முதலே காட்டும். மட்டக்களப்புக் கிளையிலிருந்து அனுப்பினால் அந்தச் சோதனை இல்லை. முடிந்தால் ஊர்க் காசை முதலில் உங்கள் இங்கிலாந்துக் கணக்குக்கு எடுத்து, அங்கிருந்து கட்டுங்கள்.

உண்டியலில் அனுப்பி, கையில் காசாகக் கொடுக்கும் பழக்கம் எங்களுக்குள் உண்டு. ரேட் நல்லது என்பார்கள். சட்டப்படியான வழியும் இல்லை, நீங்கள் டிபோசிட் கொடுத்ததற்கு ஒரு துண்டுக் கடதாசியும் மிஞ்சாது.

12. திறப்பு வாங்கும் நாள்

பெட்டியைத் திறக்க முதல் போனை எடுங்கள். அறையின் நாலு சுவர், தரை, மெத்தையின் இரு பக்கம், யன்னல், அடுப்பு, குளியலறை, ஏற்கெனவே உள்ள கீறல், கறை எல்லாவற்றையும் படம் எடுத்து அன்றே வீட்டுக்காரருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வட்ஸ்அப் போன் மாறும்போது அழியும், மின்னஞ்சல் திகதியோடு நிற்கும். பொருட்பட்டியல் கையெழுத்துக்குத் தந்தால், "நல்ல நிலை" என்று எழுதியிருக்கும் உடைந்த லாச்சியைத் திருத்தி எழுதிய பிறகே கையெழுத்திடுங்கள்.

கரண்ட், காஸ் மீற்றர் இலக்கத்தையும் படம் எடுங்கள். முன்பு இருந்தவரின் பாக்கி உங்கள் பெயரில் வராமல் இருக்க அதுதான் சாட்சி. கார்ட் போட்டு ஏற்றும் மீற்றர் என்றால் பழைய கடன் அதில் நிற்கிறதா என்று கேளுங்கள்.

13. முதல் மாதம் செய்ய வேண்டியவை

டிபோசிட்டை வாங்கிய 30 நாளுக்குள் வீட்டுக்காரர் அரசாங்கம் அங்கீகரித்த மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் பதிந்து, விபரத்தை உங்களுக்குத் தர வேண்டும். டெபோசிட் புரொடெக்ஷன் சேர்விஸ், மைடெபோசிட்ஸ், டெனன்சி டெபோசிட் ஸ்கீம் என்பவை அந்த மூன்று. 31ஆம் நாள் தளத்தில் நீங்களே தேடிப் பாருங்கள். பதியவில்லை என்றால் நீதிமன்றம் அந்தத் தொகையைப் போல் ஒன்றிலிருந்து மூன்று மடங்கு வரை உங்களுக்குத் தரச் சொல்லலாம். இதை மரியாதையாக ஒரு மின்னஞ்சலில் நினைவுபடுத்தினாலே பெரும்பாலும் பதிவு நடந்துவிடும்.

கவுன்சில் டக்ஸ், அதாவது கவுன்சில் வீடுகளுக்குப் போடும் வரி, கட்டச் சொல்லிக் கடிதம் வந்தால் பயந்து கட்டிவிடாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். வீட்டில் எல்லோரும் முழுநேர மாணவர் என்றால் விலக்கு. பல்கலைக்கழகத்தில் மாணவர் சான்று எடுத்து கவுன்சிலுக்கு அனுப்ப வேண்டும், தானாக வராது. வேலை செய்கிற ஒருவர் கூட இருந்தால் வீட்டுக்குப் பில் வரும். அதை யார் கட்டுவது என்று குடிபோக முதலே பேசிக்கொள்ளுங்கள்.

ஈ-விசா கணக்கில் புது முகவரியை மாற்றுங்கள். வீட்டுக்குக் கிட்டவுள்ள ஜிபி டொக்டரிடம், அதாவது குடும்ப வைத்தியரிடம், பதியுங்கள், காய்ச்சல் வந்த பிறகு பதியப் போனால் சிரமம்.

உடுப்பை அறைக்குள் ரேடியேட்டரில் காயப்போட்டால் யன்னலைத் தினமும் பத்து நிமிடமாவது திறவுங்கள். எங்கள் ஊரில் வெயில் செய்கிற வேலையை அங்கே காற்றுத்தான் செய்ய வேண்டும். மூடியே வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதற்குப் பழி உங்களில் விழும்.

திருத்த வேலை எதையும் வாயால் சொல்லி விடாதீர்கள். போனில் கதைத்தாலும், "இன்று கதைத்தபடி போய்லர் வேலை செய்யவில்லை" என்று பின்னால் ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பதில் இல்லையென்றால் மாணவர் சங்கத்தின் ஆலோசனைப் பிரிவு, சிட்டிசன்ஸ் அட்வைஸ், ஷெல்டர் என்ற தொண்டு நிறுவனங்கள் ஆகிய மூன்றும் காசு வாங்காமல் உதவும்.

14. அறையை விட்டு வெளிக்கிடும்போது

அறிவித்தலை எழுத்தில் கொடுத்து, கிடைத்தது என்ற பதிலை வாங்குங்கள். கடைசி மாத வாடகையை டிபோசிட்டில் கழிக்கச் சொல்லும் பழக்கம் வேண்டாம். அதைச் செய்தால் வாடகை பாக்கி என்று எழுதப்படும், அடுத்த அறைக்குக் கடிதம் கிடைக்காது.

டிபோசிட்டில் அதிகம் வெட்டப்படுவது துப்புரவுக்கு. அடுப்பின் உட்பக்கம், குளிர்சாதனப் பெட்டியின் ரப்பர் ஓரம், குளியலறைச் சுண்ணாம்புக் கறை, இந்த மூன்றுக்கும் ஒரு அரை நாள் ஒதுக்குங்கள். முடிந்ததும் முதல் நாள் எடுத்த அதே கோணங்களில் மறுபடி படம் எடுங்கள். மீற்றரையும் எடுங்கள். திறப்புகளை எண்ணிக் கொடுத்து, எத்தனை கொடுத்தீர்கள் என்று எழுதி வாங்குங்கள்.

வீட்டுக்காரர் வெட்டுகிற தொகை சரியில்லை என்றால், ஒத்துக்கொள்ளாத தொகைக்கு மட்டும் பாதுகாப்புத் திட்டத்தில் முறையிடலாம். அதற்குக் கட்டணம் இல்லை, நேரில் போகவும் தேவையில்லை. ஊருக்குத் திரும்பிய பிறகு கல்லடியிலிருந்துகூட இரண்டு தொகுதிப் படங்களையும் ஏற்றி அனுப்பலாம். என் மூன்றாவது அறையின் டிபோசிட் முழுதாக அப்படித்தான் வந்து சேர்ந்தது.